குடைப்பூச் செடி

"இது விஷச் செடிதானே மேடம்? ஆமான்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

வந்தவன் ஒரு பெயின்டர். சட்டை முழுக்க வெள்ளைப் புள்ளிகள், முழங்கால் வரைக்கும் காய்ந்த சேறு. ஈரமான செய்தித்தாளைப் பிரித்து, வேரோடு பிடுங்கிய செடி ஒன்றை மேஜைமேல் வைத்தான்.

காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் அந்தக் கல்லூரி அறைக்கு அவள்தான் பொறுப்பு. வாட்ச்மேனிலிருந்து முதல்வர் வரை எல்லோருக்கும் அவள் 'செடி மேடம்'. வழியில் பறித்த இலையை நீட்டிப் பேர் கேட்பவர்கள் நிறையப் பேர். விஷமா என்று பயந்துபோய்க் கேட்பவர்களும் உண்டு. விஷமாக இருக்கவேண்டுமே என்று இப்படித் தவித்துக்கொண்டு கேட்டவன் இவன்தான் முதல்.

"எங்க முளைச்சிருந்தது?"

"வீட்டுக்குப் பின்னாடி, தண்ணி தேங்கி நிக்கற இடத்துல. முழங்கால் ஆழம் இருக்கும். சீக்கிரம் பாருங்க மேடம்."

அவள் லென்ஸை எடுத்தாள். பொடிப்பொடியாக வெள்ளைப் பூக்கள், குடை விரித்தாற்போல். பார்வைக்குக் கொத்தமல்லிப் பூவுக்கு அக்கா மாதிரி இருந்தது. இதே சாடையில் சதுப்பில் நாலைந்து செடிகள் முளைக்கும். ஒன்றை மென்று தின்னலாம், ஒன்று ஆளையே சாய்த்துவிடும். பூவைப் பார்த்துப் பிரிக்க முடியாது. கிழங்கைப் பிளந்தால்தான் தெரியும்.

கிழங்கின் ஒரு முனை எலி கடித்தாற்போல் பிய்ந்திருந்தது.

"உக்காருங்க, கொஞ்ச நேரமாகும்."

அவனால் உட்கார முடியவில்லை. ஸ்டூலைச் சுற்றிச் சுற்றி வந்தான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான், கைபேசியைப் பார்த்தான், மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தான்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். இதைத் தின்னா வலிப்பு வருமா?"

"ஏன்?"

"வந்தா, அது தலைக்குள்ள ஏதோ வியாதின்னு டாக்டருங்களே நினைச்சுக்குவாங்களா? ரத்தத்தை டெஸ்ட் பண்ணாக்கூட இதுதான் காரணம்னு தெரியாதாமே?"

பிளேடைப் பிடித்திருந்த அவள் கை அப்படியே நின்றது.

போன வருஷம் இப்படித்தான் ஒருத்தன் வந்து, ஏதோ ஒரு விதையைப் பற்றிப் பணிவாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனான். மூன்று மாதம் கழித்து அவள் கோர்ட்டில் நின்று சாட்சி சொல்ல வேண்டியதாயிற்று. செத்துப்போன பெண்ணின் அம்மா அவளைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை.

"யாருக்காகக் கேக்கறீங்க?" குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள்.

"என் பொண்டாட்டிக்கு..."

அவன் சொல்லி முடிப்பதற்குள் கைபேசி அடித்தது. வராந்தாவுக்கு ஓடினான். ஆனாலும் ஒவ்வொரு வார்த்தையும் உள்ளே கேட்டது.

"மச்சான், அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுறாதே. யாரு என்ன சொன்னாலும் சரி. நான் வர்ற வரைக்கும் அவ மேல ஒருத்தரும் கை வைக்கக்கூடாது. இங்க வேலை முடிஞ்சதும் வந்துடறேன்."

அவள் மளமளவென்று கிழங்கை நெடுக்காகப் பிளந்தாள். லென்ஸ் வழியாகக் குனிந்து பார்த்தாள். பிறகு செடியை அதே தாளில் சுருட்டி மேஜை டிராயருக்குள் போட்டுப் பூட்டினாள். குழாயடிக்குப் போய் முழங்கை வரை சோப்புப் போட்டு ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகக் கழுவினாள்.

திரும்பினால் வாசலில் அவன்.

"பாத்துட்டீங்களா மேடம்?"

"பாத்தாச்சு. இது வெறும் தண்ணிக் கீரை. ஆடு மாடே தின்னும். மனுஷங்களை ஒண்ணும் பண்ணாது."

"ஒண்ணுமே பண்ணாதா?"

"ஒண்ணுமே பண்ணாது. ஏமாந்துட்டீங்களா?" கடைசிக் கேள்வி அவளையும் மீறி வந்துவிட்டது. ஒரு கை மேஜைமேல் இருந்த தொலைபேசியை நோக்கி நகர்ந்தது. போலீசுக்குச் சொல்வதா, முதலில் இவன் வீட்டு விலாசத்தை வாங்கிக்கொள்வதா?

அவன் கோபப்படவில்லை. அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"இன்னொரு தடவை பாருங்களேன். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"எத்தனை தடவை பாத்தாலும் அதேதான்."

அவன் சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். வெள்ளைப் புள்ளிகள் கன்னத்தில் ஈஷிக்கொண்டன.

"காலைல அடுப்படியில வலிப்பு வந்து விழுந்துட்டா மேடம். இன்னும் நினைவு வரல. பக்கத்துல இந்தச் செடி கிடந்துச்சு, கிழங்கு பிய்ஞ்சு. எங்க முளைச்சதுன்னு நான்தான் பின்னாடி சேத்துல இறங்கிப் பாத்தேன். அவ கடிச்சாளா இல்லையான்னு யாரும் பாக்கல. செடியைக் காட்டிக் கேட்டுட்டு வாங்கன்னு டாக்டர்தான் அனுப்பினாரு. விஷம்னா பயப்படாதீங்க, வலிப்பை மருந்தால அடக்கிவெச்சா ரெண்டு மூணு நாள்ல எழுந்து உக்காந்துடுவாங்கன்னாரு."

"இல்லேன்னா?"

"ஸ்கேன்ல ஏதோ நிழல் மாதிரி இருக்காம். செடி இல்லேன்னா அதுதான் காரணமாம், இன்னிக்கே மண்டையைத் திறக்கணுமாம். அதுக்கப்புறம் பிழைக்கறதும் பிழைக்காததும் கடவுள் விட்ட வழின்னுட்டாங்க. அந்த ஒரு கையெழுத்தை நானும் என் மச்சானும் மூணு மணி நேரமா இழுத்துப் பிடிச்சுக்கிட்டிருக்கோம்."

சுவரைப் பிடித்து எழுந்தான். அவளைப் பார்த்துக் கைகூப்பினான். நடந்துகொண்டே கைபேசியைக் காதில் வைத்தான்.

"மச்சான்... நம்ம தலையெழுத்து அவ்வளவுதான். போட்டுடு..."

ஸ்டூல் உருண்டு விழ, செருப்புக்கூடப் போடாமல் அவள் வராந்தாவில் ஓடினாள்.

"போட வேணாம்னு சொல்லுங்கண்ணே! விஷம்தான்... அது விஷம்தான்!"