முப்பத்திரண்டாவது நாற்காலி

அறுபத்து மூன்றாவது முறையும் அவர் பெயர் வரவில்லை.

அவள் இரண்டு சீட்டுகளையும் மடித்து மறுபடி பிஸ்கட் டப்பாவுக்குள் போட்டாள். குலுக்கினாள்.

வட்டமாக முப்பத்திரண்டு நாற்காலிகள். எல்லாரும் கல்லூரிக் கணக்கு வாத்தியார்கள். ஐந்து நாள் பயிற்சிக்கு நாகர்கோவில் வந்தவர்கள். அவரவர் பெயரை எழுதி அவரவரே டப்பாவில் போட வேண்டும். பயிற்சி நடத்தும் அவள் இரண்டு பெயரை எடுப்பாள். அந்த இரண்டு நாற்காலிக்கும் நடுவே ஒரு கம்பளி நூல் கட்டுவார்கள். சீட்டு திரும்ப டப்பாவுக்குப் போகும்.

நூலைப் பிடித்துக்கொண்டே எந்த நாற்காலியிலிருந்தும் எந்த நாற்காலிக்கும் போய்விட முடிந்தால் ஆட்டம் முடிந்தது.

முப்பத்தொரு நாற்காலிகள் எப்போதோ ஒன்றாகிவிட்டன. நடுவில் ஆள் நடக்க வழியில்லை.

ஞானசிகாமணியின் நாற்காலியில் மட்டும் ஒரு நூலும் இல்லை.

அவருக்குக் கோவில்பட்டிப் பக்கம் ஒரு சின்னக் கல்லூரி. ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிறது. மடியில் கைப்பை. பயிற்சியில் இன்னும் மூன்று நாள் பாக்கி. ஆனாலும் நான்கு மணிப் பேருந்துக்குக் கிளம்பிவிடுவதாகக் காலையிலேயே சொல்லிவிட்டார்.

ஏன் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும்.

நேற்று, முதல் நாள். குருட்டாம்போக்கில் கோடு போட்டுக்கொண்டே போனாலும் ஒரு கட்டத்தில் எல்லாப் புள்ளிகளும் ஒன்றாகிவிடும் என்று அவள் பலகையில் எழுதினாள். அவர் எழுந்தார்.

"எல்லாம் சேந்துரும், சரி. கடைசியா சேருறது யாரு மேடம்?"

அரங்கம் சிரித்தது. "பேரு, இனிஷியல் எல்லாம் வேணுமாக்கும்" என்றது ஒரு குரல்.

அவளும் சிரித்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நேற்று முழுக்க அவர் வாயே திறக்கவில்லை.

இன்று காலை பல் தேய்க்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. தேற்றத்தின் உயிரே அந்தக் கேள்விதான். கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்து கடைசிவரை முறைத்துக்கொண்டு நிற்பதில்லை. கடைசியில் மிஞ்சுவது அநேகமாக ஒற்றைப் புள்ளி. அதற்கு ஒரு கோடு கிடைக்கும் அந்த நொடியிலேயே எல்லாம் ஒன்றாகிவிடும்.

அதைக் காட்டத்தான் இந்த ஆட்டம். மன்னிப்பை வாயால் கேட்க வெட்கமாக இருந்தது. நூலால் கேட்கலாம் என்று நினைத்தாள்.

இப்போது பார்த்தால் மிஞ்சியிருப்பதே அவர்தான்.

இதை யாரும் ஏற்பாடு செய்யவில்லை. அவளுக்குள் குறுகுறுவென்று இருந்தது. மனக்கணக்குப் போட்டாள். முப்பத்திரண்டு பேர், அறுபத்து மூன்று முறை. யாரோ ஒருவர் இன்னும் தொடப்படாமல் இருக்க ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

எழுபது.

எண்பது. செலின் ரோஸ் பெயர் பதினொன்றாவது தடவை வந்தது. கைதட்டினார்கள்.

தொண்ணூறு. இப்போது வாய்ப்பு நூற்றுக்குப் பத்துதான். நடக்காத ஒன்றல்ல. ஆனாலும்.

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றே முக்கால்.

தொண்ணூற்றொன்று. முதல் சீட்டு மரகதவல்லி. இரண்டாவதைப் பிரித்தாள். முத்தையா.

"ஞானசிகாமணி சார்" என்று வாசித்தாள்.

பதினொரு வருடமாகச் சமவாய்ப்புக் கணக்கைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறவள். தாயக்கட்டையைக்கூட ஒருநாளும் திருப்பி வைத்ததில்லை. காது மடல் சுட்டது. சீட்டை உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள்.

அரங்கம் ஓவென்று எழுந்தது.

அவர் எழவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கைப்பையோடு எழுந்து, நூல்களை ஒவ்வொன்றாகத் தாண்டித் தாண்டி மேசைக்கு வந்தார். சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

அதில் அவர் கையெழுத்தில் அவர் பெயர்.

"நான் போடவே இல்லியே மேடம்" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

டப்பா சுற்றி வந்தபோது வாங்கி, அப்படியே அடுத்தவரிடம் தள்ளிவிட்டிருக்கிறார். கிளம்புகிறவனுக்கு எதற்குச் சீட்டு.

தொண்ணூறு முறைக்கும் அவள் போட்ட மனக்கணக்கெல்லாம் ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீர்.

அவள் உள்ளங்கையை விரித்தாள். முத்தையா என்பதை அவர் எழுத்துக் கூட்டுவது போல மெதுவாக வாசித்தார்.

இரண்டு கள்ளர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உங்க கேள்விதான் சார் இது" என்றாள். "நேத்து நான் சிரிச்சிருக்கக் கூடாது."

அவர் முத்தையாவையும் மரகதவல்லியையும் எடுத்து டப்பாவில் போட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டுத் தன் சீட்டையும் போட்டார். மூடியை அழுத்தி, காதோரம் வைத்துக் குலுக்கினார்.

மரகதவல்லி கையில் நூலோடு காத்திருந்தாள்.

"என் சீட்டு டப்பாவுல விழாம கெடந்திருக்கு" என்று அரங்கத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். "இது செல்லாது. மேடம் மறுபடி எடுப்பாங்க."

போய் உட்கார்ந்தார். கைப்பையை நாற்காலிக்கு அடியில் தள்ளினார்.

அவள் எடுத்தாள். வேறு இரண்டு பேர்.

அவர் ஒரு விரலை மடக்கினார்.

மறுபடி எடுத்தாள். அவர் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார்.

ஒன்பதாவது விரலை மடக்கியபோது மணி நாலேகால். அவர் பெயர் இன்னும் வரவில்லை.