அப்பாவின் அவசரம்

“அவ ரிசல்ட் வந்துடுச்சாம்மா?”

ஹலோ கூடச் சொல்லவில்லை அவர். இந்த வாரத்தில் இது ஐந்தாவது போன். “வந்துடுச்சு சார், நேர்லயே வர்றேன்” என்று சொல்லிவிட்டு நர்ஸ் கவரைப் பையில் வைத்தாள்.

தன் மாத்திரையைக்கூட நினைவாய் விழுங்காத மனிதர். தண்ணீரும் கையுமாக மனைவி பின்னாலேயே அலைய வேண்டும். மகளின் பரிசோதனைக்கு மட்டும் இத்தனை துடிப்பு. அப்பா என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நர்ஸ் பலமுறை உருகியிருக்கிறாள்.

இரண்டு மாதத்துக்கு முன் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்தான், யார் யாருக்கு இதய நோய் என்று கோடு போட்டுக் காட்டும் குடும்ப வரைபடம் வரைந்தாள். அவருடைய அப்பா நாற்பத்தொரு வயதில், அண்ணன் முப்பத்தொன்பதில். இருவருமே நின்ற இடத்தில் சரிந்து இறந்து போனவர்கள். அவருக்கும் இதயம் வீங்கியிருந்தது.

“உங்க பக்கம் யாருக்காவது?” என்று மனைவியைக் கேட்டாள்.

“யாருக்கும் கிடையாது” என்றாள் அந்த அம்மா, தலையைத் தூக்காமலே.

அவரிடமிருந்து மகளுக்குக் கோடு இழுக்கப் போனபோது, கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார் அவர். “அதை மட்டும் இப்போதைக்குப் பென்சில்ல போடுங்கம்மா.”

பாவம், பெற்ற மனசு! நர்ஸ் பென்சிலைத் தேடி எடுத்தாள்.

அவர் ரத்தத்தில் பரம்பரையாக வரும் மரபணுக் கோளாறு இருப்பது அடுத்த மாதம் தெரிந்தது. மகளுக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றதும், “நாளைக்கே அவளுக்கும் எடுங்க” என்று பறந்தவரும் அவர்தான்.

இப்போது கதவைத் திறந்தது மகள். இருபத்துமூன்று வயது. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், ஈரத் தலையோடு நின்றாள்.

“உன்கிட்ட தனியாப் பேசணும்மா. அதான் முறை.”

“இங்கேயே சொல்லுங்கக்கா. அவர்தானே காத்துக்கிட்டு இருக்கார்.”

கட்டிலில் சாய்ந்திருந்தவர் மூச்சு வாங்க நிமிர்ந்து உட்கார்ந்தார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வார்த்தைகள் நர்ஸுக்கு மறந்து போயின.

“உங்க ரத்தத்துல இருக்கிற அதே கோளாறு இவளுக்கும் இருக்கு சார். உங்ககிட்டேருந்துதான் வந்திருக்கு. ஆனா சீக்கிரமே கண்டுபிடிச்சுட்டோம். வருஷா வருஷம் ஸ்கேன் பாத்துக்கலாம், மாத்திரை இருக்கு...”

அவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். வாழ வேண்டிய பெண், இனி படியேறி மூச்சு வாங்கினால்கூடப் பயப்பட வேண்டும். அதைக் கேட்க நேர்ந்த தகப்பனை நினைத்தால் நர்ஸுக்கு அதைவிடக் கொடுமையாக இருந்தது.

“அழாதீங்க சார். இது உங்க தப்பில்ல.”

அவர் அழுகை கூடியதே தவிரக் குறையவில்லை.

சமையலறை வாசலில் நின்றிருந்த மனைவி ஓடிவந்து மகளைக் கட்டிக்கொண்டாள். சத்தம் போட்டு அழுதாள். பிறகு மகளை விடாமலே நிமிர்ந்து, கணவரைப் பார்த்தாள்.

“இப்பவாவது இவ உங்க பொண்ணுதான்னு நம்புறீங்களா?”