தொள்ளாயிரம் மெகாஹெர்ட்ஸ்

தன் லினக்ஸ் போனில் கர்னல் என்னும் அடிப்படை மென்பொருளைத் தானே மாற்றி, செயலியின் வேகத்தை அறுநூறு மெகாஹெர்ட்ஸிலிருந்து தொள்ளாயிரத்துக்கு ரெஜினா ஏற்றியிருந்தாள். அன்றிலிருந்து அது கொதிப்பதும் தானாக அணைவதுமாக இருந்தது. பத்து நாள் எண்களோடு மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் அறுநூறுக்கே இறக்கினாள். போன் குளிர்ந்தது. வாதத்தில் இடது கை மரத்துப்போய், கண்ணை மூடிப் படுத்திருந்த கணவனின் இடது உள்ளங்கையில் வழக்கம்போல் அதை வைத்தாள்.

"இனிமே அணையாதுங்க. நிம்மதியா பாட்டு கேளுங்க."

"சரி, கையில குடு" என்றான் சூசை.

"கையிலதான இருக்கு."

"இல்லையே. தினமும் தெரியுமே, சூடா."

அவள் போனை எடுத்துக்கொண்டாள். மறுபடி தொள்ளாயிரம் என்று அடித்துவிட்டு, அது கொதிக்கும்வரை தன் கையிலேயே வைத்திருந்தாள்.