காப்புரிமை பெற்ற கண்ணி

கிணற்றடிக்குப் போகும் வழியில் தவசீலன் கண்ணிவெடியை மிதித்துவிட்டான். காலை எடுத்தால்தான் அது வெடிக்கும். மனைவி யாழரசி அழைத்ததும் வெடி அகற்றுபவர் வந்தார். மண்ணை விலக்கிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"இதைச் செயலிழக்க வைக்கிற முறைக்கும் கண்ணியைச் செய்த கம்பனியே காப்புரிமை வைச்சிருக்கு, அக்கா. அவையின்ர அனுமதியில்லாமல் தொட்டால் என்னைப் பிடிச்சு மறியலிலை போட்டிடுவினம்."

"எப்ப தருவினம்?"

"கேட்டிருக்கிறம். மாசக்கணக்காகலாம்."

மத்தியானத்துக்குள் தவசீலனின் கால்கள் நடுங்கத் தொடங்கின. யாழரசி தன் பாதத்தை அவன் பாதத்தோடு ஒட்டிக் கண்ணியின்மேல் வைத்து அழுத்தினாள்.

"மெல்லக் காலை எடுங்கோ. போய்ப் பிள்ளையைக் கூட்டி வாங்கோ."

பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள், அம்மாவைக் கண்டதும் வழக்கம்போலக் கட்டிப்பிடிக்க ஓடிவந்தாள்.

"கிட்ட வராதை!" என்று யாழரசி கத்தினாள்.

பிள்ளை பயந்துபோய் அப்படியே நின்றாள்.