மரகதம் சொல்லாத "ம்"

மின்சுற்றுகளிலிருந்து கடிகாரத் துடிப்பை எடுத்துவிட்ட பிறகு, கோவையில் எந்தக் கருவியும் நேரம் பார்ப்பதில்லை. மற்றவர் தயாரா என்று கேட்டுத்தான் வேலை செய்யும். குழந்தைசாமியின் குக்கர், வீட்டார் எல்லோரும் "ம்" சொன்னால்தான் திறக்கும். எங்கிருந்தும் சொல்லலாம். சித்திரையில் கோபித்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போன மனைவி மரகதம் இன்னும் சொல்லவில்லை. அன்று வெந்த சோறு உள்ளே சுடச்சுட இருக்கிறது.

மெக்கானிக் இர்ஃபான் தட்டிப் பார்த்துச் சிரித்தான். "பழுதே இல்லீங்க. அம்மணி பேரை எடுத்துட்டா இப்பவே திறந்துக்கும்."

"எடுத்துட்டா, அவளுக்காகக் காத்துட்டிருக்கறது நான் ஒருத்தன்தான்னு ஆயிருமே. இதாவது கூட இருக்கட்டும். நீ போ கண்ணு."

அவன் போனதும் குழந்தைசாமி ஒரு வாழைப்பழத்தை எடுத்தார். அது மட்டும் யாரையும் கேட்காமல் உரிந்தது.