முதலில் பெட்டி

கைபேசி மடியில் அதிர்ந்தது. அவர் எடுக்கவில்லை.

கூப்பிட்டது எதிரே நின்ற ஃப்ரீசர். குளிர் குறைந்தால் அது தானாகவே எண்களை அழைக்கும். பதிவுசெய்த பெண் குரல் ஒன்று, வெப்பநிலை உயர்கிறது, உடனே வரவும் என்று திரும்பத் திரும்பச் சொல்லும்.

விடுமுறை நாட்களில் அவரைக் கூப்பிடும் குரல் அது ஒன்றுதான்.

மைனஸ் எண்பதில் நிற்க வேண்டிய எண் மைனஸ் அறுபத்தைந்துக்கு வந்திருந்தது.

ஆய்வுக்கூடத்தில் வேறு யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதிய வெயில் ஜன்னல் வழியாக வந்து, அவர் பாதத்தருகே தயங்கி நின்றது. அவர் சுவரில் சாய்ந்து, கால் நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தார். விரல் நுனிகள் இன்னும் மரத்துப்போயிருந்தன.

மூன்று குழுக்கள் சேர்ந்து ஆய்வு செய்யும் நிறுவனம் அது. கல்லீரல்காரர்கள், செடிக்காரர்கள், மீன்காரர்கள். எல்லோருடைய மாதிரிகளும் இந்த ஒரே பெட்டியில்தான். புதிதாகச் சேரும் எவருக்கும் முதல் நாள் பயிற்சி கொடுப்பது அவர். மணி அடித்தால் முதலில் பெட்டி, மற்றதெல்லாம் அப்புறம். பெற்ற பிள்ளை அழுதாலும் முதலில் பெட்டி. சொல்லி முடிப்பதற்குள் எல்லோரும் சிரித்துவிடுவார்கள். கட்டிக்கொண்டவள் கூப்பிட்டால்கூட இப்படி ஓடமாட்டார் என்று பின்வரிசையில் யாராவது முணுமுணுப்பதும் உண்டு. கட்டிக்கொண்டவள் என்று அவருக்கு யாரும் இல்லை.

அழைப்பு வரிசையில் முதல் ஆள் அவர். அவர் எடுக்காவிட்டால்தான் அடுத்தவருக்குப் போகும். இத்தனை வருடங்களில் ஒருமுறைகூடப் போனதில்லை.

போன மாதம் காய்ச்சலில் அறைக்குள்ளேயே கிடந்தார். எழுந்து தண்ணீர் எடுக்கக்கூட முடியாத காய்ச்சல். பெட்டிக்கு அந்த வாரம் ஒன்றும் ஆகவில்லை. அதனால் அவருக்கு என்ன ஆயிற்று என்று எவருக்கும் தெரியவில்லை.

திரும்பி வந்த அன்று, லீவு போட்டுவிட்டு எந்த ஊரைச் சுற்றிவிட்டு வந்தீர்கள் என்று கல்லீரல் குழுத் தலைவர் கேட்டார். நல்ல ஊர்தான் என்றார் இவர்.

தான் எடுக்காமல் போனால் யாராவது வருவார்களா என்ற கேள்வி அன்றைக்குத்தான் அவருக்குள் வந்து உட்கார்ந்தது.

அதிர்வு நின்றது. பெட்டி அடுத்த எண்ணுக்குப் போயிருக்கும்.

சிறிது நேரத்தில் ஒரு குறுஞ்செய்தி. கல்லீரல் குழுத் தலைவர். பெட்டி கூப்பிடுகிறது, கொஞ்சம் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் செடிக்காரர். கிட்டத்தட்ட அதே வாக்கியம். கூடவே கும்பிடும் கைகள்.

பிறகு ஒன்றுமில்லை.

மைனஸ் ஐம்பது. கதவோரத்து உறைபனி இளகி ஒரு சொட்டு விழுந்தது. அடுத்த சொட்டுக்காக அவர் காத்திருந்தார்.

வரிசையில் மிச்சம் இருப்பது மீன்காரி மட்டும். கீழ்த்தளத்தில் ஆராய்ச்சிக்கு மீன் வளர்ப்பவள். அந்தப் பெயரைத் தனக்குத் தானே வைத்துக்கொண்டவள். வளாகக் குடியிருப்பில்தான் வீடு, கூப்பிடு தூரம். வருவதாக இருந்தால் இதற்குள் வந்திருக்க வேண்டும்.

கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. எழுந்திருக்க வேண்டியதுதான்.

அவர் எழுந்திருக்கவில்லை.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

மீன்காரி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மூச்சு இரைத்தது. பெட்டியின் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு நெஞ்சில் கைவைத்தபடி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

இவ்வளவு நேரமா, முதலில் எங்கே வரச் சொல்லிக்கொடுத்தேன் என்று வகுப்புக் குரலில் கேட்டார் அவர்.

"எழவெடுத்த பெட்டி. அது என்னைக் கூப்பிட்டுச்சுன்னா நீங்க எடுக்கலன்னுதானே அர்த்தம், வாத்தியாரே? உங்க ரூமுக்கு ஓடிப்போய்க் கதவத் தட்டித் தட்டிக் கையே வீங்கிப்போச்சு."



அதன் பிறகுதான் அவள் பெட்டியிடம் போனாள். கதவின் கீழோரத்தில் நாலாக மடித்துச் செருகியிருந்த அட்டையைப் பார்த்தாள். அதை உருவிவிட்டு, கதவை முழுசாகத் திறந்தாள்.

தட்டுகள் எல்லாம் காலி.

பழுது வந்தால் மாற்றுவதற்கென்று பக்கத்து அறையில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு பெட்டிக்குள், மூன்று குழுக்களின் மாதிரிகளும், காலையிலிருந்து அவர் ஒவ்வொன்றாய்ச் சுமந்துபோய் அடுக்கியபடி பத்திரமாக இருந்தன.

அவள் முதுகைக் காட்டியபடியே வெகுநேரம் நின்றாள். ஒரு கெட்ட வார்த்தையாவது சொன்னால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

அவள் சொல்லவில்லை. கதவை மூடினாள். அட்டையைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். கைபேசியை எடுத்து ஏதோ தட்டினாள்.

அவர் மடியில் அதிர்ந்தது. இந்த முறை எடுத்துப் பார்த்தார். எல்லோருக்குமாக அனுப்பியிருந்தாள்: கதவு சரியா மூடல. மூடியாச்சு.

உடனே அதன் கீழே இரண்டு கட்டைவிரல்கள் முளைத்தன.

மீன்காரி போகவில்லை. பெட்டியில் சாய்ந்து, அவருக்கு எதிரே, அவரைப் போலவே கால் நீட்டித் தரையில் உட்கார்ந்தாள். வலது கையை இடது கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

விரல் முட்டிகள் நிஜமாகவே வீங்கியிருந்தன.