மூன்றாவது ஓலை

"நான் விலகிக்கிறேங்கய்யா. இப்பவே சொல்லிப்புடுறேன்" என்று கதவிடுக்கில் கெஞ்சினார் பிராங்கிளின்.

ஏழு விளக்குச் சபையின் செயலாளர் பொன்னுத்துரை கதவை இன்னும் ஒரு விரற்கடை திறந்தார். தோளில் ஜரிகைப் பட்டு, இடுப்பில் மரக்கத்தி.

"நீங்க எப்ப சேந்தீங்க?"

"சேரவே இல்லைங்களே!"

அதுதான் சிக்கல். பழ வியாபாரியான பிராங்கிளின் போன மாதம் சபை விருந்துக்கு ஒரு தார் சிறுமலை வாழைப்பழத்தை இறக்கிவிட்டு வந்ததை யாரோ பார்த்துவிட்டார்கள். 'ரகசியச் சபை ஒழிப்புக் குழு' திண்டுக்கல் முழுக்கச் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்த நேரம். பழம் விற்றவர் சபைக்காரர் ஆகிப்போனார். இல்லையென்று சத்தியம் செய்தால், "எந்தச் சபைக்காரன்யா ஆமான்னு சொல்லியிருக்கான்?" என்று சிரித்தார்கள்.

மகள் ரீனாவின் கல்யாணத்துக்கு மாதா கோயிலில் இரண்டு அறிவிப்பு ஓலை வாசித்தாயிற்று. வரும் ஞாயிறு பூசையில் மூன்றாவதையும் வாசித்து, யாரும் தடை சொல்லாவிட்டால் முகூர்த்தம்தான்.

தடை சம்பந்தி ரூபத்தில் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா ஸ்டீபன்ராஜ்தான் ஒழிப்புக் குழுவுக்குத் தலைவர். 'அந்தச் சபை இருக்கிற தெருப்பக்கம் நான் தலைவைத்துப் படுத்ததுகூட இல்லை' என்று பஸ் ஸ்டாண்டு முன்னால் மைக்கைக் கடிக்காத குறையாக முழங்குகிறவர்.

"ஊரு என் வாயையே பாக்குது சம்பந்தி. நீங்க விலகிட்டதா அந்தச் சபைக்காரங்க வாயாலயே சொல்ல வைங்க. இல்லாட்டி ஞாயித்துக்கிழமை நானே எந்திரிச்சுத் தடை சொல்லணும்" என்றவர், வாசல்வரை போய்த் திரும்பினார். "மாடி ஏறுறப்ப சுவரைப் பிடிச்சுக்கங்க. மேல் படி ஆடும்."

பிராங்கிளின் சபை மாடிக்கு ஏறி வந்தபோது அது ஆடத்தான் செய்தது.

பொன்னுத்துரை தொண்டையைச் செருமினார். "சேராத ஆளை எப்படிங்க விலக்குறது? முதல்ல சேருங்க. அப்புறம் விலகுங்க."

"வேற வழியே இல்லைங்களா?"

"இருந்தா நாங்க எதுக்கு அப்பு இப்படி வேசம் கட்டிட்டு நிக்கிறோம்?"

வீட்டில் கல்யாணச் சேலைக்கு ரீனா குஞ்சம் கட்டிக்கொண்டிருப்பாள். பிராங்கிளின் உள்ளே போனார்.

கண்ணைக் கட்டிச் சுற்றவிட்டார்கள். ஆதி காலத்துக் கத்தி என்று சொல்லி முத்தமிடச் சொன்னார்கள். வார்னிஷ் வாசம் மூக்கைத் துளைத்தது. உள்ளே பார்ப்பதை வெளியே சொல்லமாட்டேன் என்று சத்தியமும் வாங்கிக்கொண்டு கட்டை அவிழ்த்தார்கள்.

"இப்ப விலகிக்கலாமுங்களா?"

"அதுக்குத் தலைவர்தான் அனுமதி தரணும்."

உயரமான நாற்காலியில் வெல்வெட் முக்காட்டுக்குள் ஓர் உருவம் பெருமூச்சு விட்டது. மெல்ல முக்காட்டைக் கழற்றி, வேர்த்த முகத்தைத் துடைத்துக்கொண்டது.

ஸ்டீபன்ராஜ்.

"உக்காருங்க சம்பந்தி. நானும் விலகுறதுக்குத்தான் சேந்தேன்."